நான்கு லாரி ஆறானால் சரக்கும் கூடுமா?

ஈரோட்டில் அப்பா நடத்திவந்த லாரி சர்வீஸையும் இரண்டு குடோன்களையும் இப்போது தாமே கவனித்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: போக்குவரத்தும் கிடங்கும் நடத்தும் ஒரு நிறுவனத்தின் செயல்திறனையும், அதன் கைக்கு வரும் சரக்கின் அளவையும் எது தீர்மானிக்கிறது? நான்கு லாரிகளை ஆறாக்கியிருக்கிறார். சரக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. மாதக் கடைசியில் மிஞ்சுவதும் முன்பைவிடக் குறைந்துவிட்டது. அடுத்துப் புது வண்டியில் பணம் போடுவதா, மென்பொருளில் போடுவதா, டிரைவர் சம்பளத்தைக் கூட்டுவதா என்பது அவருடைய குழப்பம்.

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்பது பெரும்பாலும் உங்கள் வாசலுக்கு வெளியே முடிவாகிறது. கிடைத்த சரக்கை எவ்வளவு செலவில் கொண்டுசேர்க்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். பார்சல் சர்வீஸிலும் முழு லோடு லாரிகளிலும், பின்னர் குடோன் நிர்வாகத்திலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கப்பல் சரக்கிலும் விமானச் சரக்கிலும் எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. ஆகவே சாலையையும் கிடங்கையும் பற்றிய பதிலாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சரக்கின் அளவு. லாரி வாடகையை அதற்காகவே யாரும் விரும்பி வாங்குவதில்லை. எங்கோ ஒருவர் பஞ்சு வாங்கியிருக்கிறார், இன்னொருவர் நூல் விற்றிருக்கிறார். அதனால்தான் லாரி தேவைப்படுகிறது. நம் பக்கத்து நூற்பாலைகளுக்குக் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பஞ்சு வருகிறது. இங்கிருந்து நூல் மகாராஷ்டிரத்தின் விசைத்தறி ஊர்களான பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் போகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்காச்சோளம் வருகிறது. நாசிக் வெங்காயமும் அதே சாலைகளில்தான் வருகிறது. நூற்பாலைகள் ஒரு ஷிப்டைக் குறைத்தால் புக்கிங் ஆபீஸில் சில நாட்களுக்குள் தெரிந்துவிடும். முட்டை விலை விழுந்து பண்ணைக்காரர்கள் கோழி எண்ணிக்கையைக் குறைத்தால் மக்காச்சோள லோடு குறையும். இதில் நீங்களோ நானோ செய்வதற்கு ஒன்றுமில்லை. லாரி எண்ணிக்கையைக் கூட்டுவதால் ஊரில் புறப்படும் மூட்டைகளின் எண்ணிக்கை கூடிவிடாது. ஏற்கெனவே இருக்கும் மூட்டைகளுக்கு இன்னும் இரண்டு லாரிகள் போட்டிக்கு வருகின்றன, அவ்வளவுதான். அதனால் வாடகையும் கொஞ்சம் இறங்கும்.

அந்த மொத்தச் சரக்கில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது மட்டும் உங்களால் மாற்றக்கூடியது. பங்கைக் கூட்டுவது குறைந்த வாடகைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, தொடர்ந்து சரக்கு அனுப்பும் ஆலைகளும் மொத்த வியாபாரிகளும் நாள் தவறாமையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை சொன்ன வண்டி திங்கட்கிழமை வாசலில் நிற்கிறதா, இறங்கிய சரக்கில் குறைவும் நனைவும் இல்லாமல் இருக்கிறதா, கையெழுத்துப் போட்ட எல்.ஆர். (லாரி ரசீது) நகல் உடனே திரும்பி வருகிறதா என்பதே அவர்கள் கேள்வி. நூல் ஒரு நாள் தாமதமானால் தறி நிற்கும். அந்த இழப்புக்கு முன்னால் டன்னுக்கு ஐம்பது ரூபாய் மலிவு என்பது அவர்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அவ்வப்போது ஒரே ஒரு லோடு அனுப்புபவர்தான் மலிவைத் தேடி அலைவார். அவரை நம்பி வண்டி வாங்கக் கூடாது.

அடுத்தது திசை. ஈரோட்டிலிருந்து பிவண்டிக்குப் போகும் சரக்கும் அங்கிருந்து திரும்பும் சரக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. சரக்கு அதிகமுள்ள திசையில் வாடகை நன்றாக இருக்கும். எதிர்த்திசையில் டீசல் காசு வந்தால் போதும் என்று பலர் ஏற்றுவார்கள். லாரித் தொழிலில் பாதி சாமர்த்தியம் ரிட்டர்ன் லோடில் இருக்கிறது என்று பழைய புக்கிங் ஏஜெண்டுகள் சொல்வதில் மிகை இல்லை. நாமக்கல்லில் ஏராளமாக இருக்கும் சமையல் எரிவாயு டேங்கர்களைப் பாருங்கள். அவற்றில் திரும்பும்போது வேறு எதையும் ஏற்ற முடியாது. ஆகவே காலியாகத் திரும்பும் செலவையும் சேர்த்தே ஒப்பந்த வாடகை அமைகிறது. திறந்த பாடி லாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எதையும் ஏற்றலாம் என்ற சுதந்திரம் மட்டும் உண்டு. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த நிறுவனம் பிழைக்கிறது.

சரக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும். சிமெண்ட், இரும்பு, மக்காச்சோளம் ஏற்றினால் வண்டியில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை நிறைந்துவிடும். பனியன் பெட்டிகள், பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் குடங்கள் ஏற்றினால் எடை பாதிகூட வராது, இடம் நிறைந்துவிடும். ஒரே நிறுவனத்தில் இரண்டு வகையும் இருந்து, பார்சல் முறையில் சேர்த்து ஏற்ற முடிந்தால் ஒரு நடையின் வருமானம் தெளிவாகக் கூடும். கீழே கனமான பெட்டிகள், மேலே பனியன் பண்டல்கள் என்று ஏற்றத் தெரிந்த லோடுமேன் மேஸ்திரி உங்களிடம் இருந்தால், அவர் மதிப்பு ஒரு புது லாரிக்குக் குறைந்ததல்ல.

இனி செயல்திறன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஈரோட்டிலிருந்து மும்பைப் பக்கம் சுமார் 1,250 கிலோமீட்டர். லோடு ஏற்ற ஒரு நாள், ஓட்டம் 3 நாள், இறக்க ஒரு நாள், ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருந்து ஏற்ற 3 நாள், திரும்பும் ஓட்டம் 3 நாள், இங்கே இறக்க ஒரு நாள். ஆக ஒரு சுற்றுக்கு 12 நாள். மாதத்துக்கு இரண்டரை நடை. இந்த 12 நாளில் சக்கரம் உருண்டது 6 நாள்தான். வங்கித் தவணை, இன்சூரன்ஸ், வரி, சம்பளம் எனத் தேதி வந்தால் கட்டியே தீர வேண்டிய செலவு மாதம் 90,000 ரூபாய் என்று வையுங்கள். நடை ஒன்றுக்கு அது 36,000 ரூபாய் ஆகிறது.

இப்போது டிரைவரை விரட்டி ஓட்டத்தை 6 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்தால் சுற்று 11 நாள். நடை ஒன்றுக்கு நிலையான செலவு 33,000 ரூபாய். டீசல் கூடுதலாகக் குடிக்கும், டயர் தேயும், விபத்து பயம் கூடும். அதற்குப் பதிலாக ஓட்டத்தைத் தொடாமல், ஏற்றி இறக்குவதில் ஒரு நாளையும் ரிட்டர்ன் லோடுக்கு நிற்பதில் இரண்டு நாளையும் குறைத்தால் சுற்று 9 நாள். மாதத்துக்கு மூன்றேகால் நடைக்கு மேல். நிலையான செலவு நடைக்கு 27,000 ரூபாயாக இறங்கிவிடும். 12 நாள் சுற்றில் ஆறு லாரிகள் மாதத்துக்கு 15 நடை போகும். 9 நாள் சுற்றில் ஐந்து லாரிகளே 16 நடையைத் தாண்டிவிடும். நீங்கள் வாங்கிய இரண்டு லாரிகளில் ஒன்றின் வேலை, நிற்கும் நேரத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகத்தைவிட நிற்கும் நேரம்தான் இந்தத் தொழிலின் லாபத்தை நிர்ணயிக்கிறது. உலக அளவில் பெரிய உதாரணமும் இருக்கிறது. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கண்டெய்னர்களோடு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் புறப்பட்டது. அதை அனுப்பிய மால்கம் மெக்லீன் அடிப்படையில் ஒரு லாரி முதலாளி. கப்பலின் வேகம் கூடவில்லை. ஆனால் கூலியாட்கள் மூட்டை மூட்டையாக ஏற்றும்போது டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன செலவு, பெட்டியாகத் தூக்கி வைத்ததும் 16 சென்ட்டுக்கு இறங்கியதாகக் கணக்கிட்டார்கள். இளம் வயதில் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளை இறக்க நாள் முழுக்கக் காத்திருந்தபோதே அந்த யோசனை வந்தது என்று அவர் பின்னாளில் சொன்ன கதையை எவ்வளவு நம்பலாம் என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். செலவு எங்கே குறைந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

நிற்கும் நேரம் எங்கே போகிறது என்பதை ஒரு குடோன் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் விளங்கிவிடும். காலை ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும். செக்யூரிட்டி நோட்டில் எழுதி, ஓரமாக நிறுத்தச் சொல்வார். கணக்குப்பிள்ளை ஒன்பதரைக்கு வருவார். காலி எடை போட எடைமேடைக்குப் போய்வந்தால் பத்தரை. லோடுமேன்கள் முந்தைய வண்டியில் இருப்பார்கள். அது முடிந்து இந்த வண்டிக்கு வரும்போது, அனுப்ப வேண்டிய சரக்கு உள்வரிசையில் இருப்பது தெரியும். முன்னால் அடுக்கியதை நகர்த்த வேண்டும். பாதி ஏற்றியதும் சாப்பாட்டு நேரம். மூன்றரை மணிக்கு ஏற்றி முடித்து, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியாகிவிடும். அப்புறம் பில் வராது. பில் வந்தால், சரக்கோடு போக வேண்டிய மின்னணு அனுமதிச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண் தப்பாக இருக்கும். இரவு ஏழு மணிக்கு வண்டி கேட்டைத் தாண்டும். பதின்மூன்று மணி நேரத்தில் மூட்டை தோளில் ஏறிய நேரம் மூன்று மணியைத் தாண்டாது. அந்தப் பத்து மணி நேரத்தில் டிரைவர் உட்கார நிழலும் கழிப்பறையும் இருக்காது. இரவில் அதே மனிதர்தான் தருமபுரி பக்கத்துத் தொப்பூர் கணவாயைக் கடக்க வேண்டும்.

ஆகவே பணம் எதுவும் போடாமல் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு நேரங்களைக் குறித்துவையுங்கள்: வாசலுக்கு வந்தது, கேட்டுக்குள் நுழைந்தது, ஏற்றத் தொடங்கியது, முடித்தது, காகிதம் கைக்கு வந்தது, கேட்டைத் தாண்டியது. ஒரு மாதம் எழுதினாலே எந்த இடைவெளி பெரியது என்று கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் முதல் இரண்டுக்கு நடுவிலும், ஏற்றி முடித்ததற்கும் காகிதம் வந்ததற்கும் நடுவிலும்தான் நேரம் தேங்கியிருக்கும். சரக்கை இறக்கும் இடத்திலும் இதே குறிப்பை டிரைவரிடமிருந்து கைபேசியில் வாங்குங்கள். வண்டியை நிற்க வைத்ததற்கான ஹால்டிங் கட்டணம் கேட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது இந்தக் காகிதம்தான் பேசும். ‘உங்கள் வண்டி எப்போதும் தாமதம்’ என்று அவர் சொல்லும் புகாரும் பாதி அடங்கிவிடும்.

வாசலில் வரிசை எப்படிச் சேர்கிறது என்பதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு உண்டு. ஒரே ஒரு ஏற்றுமேடை, வண்டிகள் முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேடை பாதி நேரம் வேலையில் இருந்தால், ஒரு வண்டி சராசரியாக இன்னொரு வண்டியை ஏற்றும் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். மேடை 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் காத்திருப்பு நான்கு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. வரிசைக் கோட்பாடு படித்தவர்கள் முதல் வாரத்தில் போடும் கணக்கு இது. மேடையும் ஆட்களும் சும்மா இருக்கவே கூடாது என்று பார்த்துப் பார்த்து நடத்துகிற முதலாளி, தன்னை அறியாமல் அதைவிட விலை உயர்ந்த லாரியைச் சும்மா நிற்க வைக்கிறார். வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கி வரச்சொன்னால் அதே மேடையில் அதே ஆட்களோடு வரிசை பாதியாகும். எல்லோரும் காலை ஆறு மணிக்கே வந்து நிற்கும் வழக்கத்தை உடைப்பதுதான் கடினம். முதலில் வருபவருக்கு முதலில் ஏற்றினால் அந்த வழக்கம் போகாது.

குடோனிலும் இதே கதைதான். குடோன் நிரம்பி வழிந்தால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று மகிழ்வது இயல்பு. ஆனால் நிறைவு எண்பத்தைந்து சதவீதத்தைத் தாண்டியதும் வேலை தடுமாறத் தொடங்குகிறது என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. சரியான எண் ஒவ்வொரு குடோனின் அமைப்பையும் பொறுத்தது. காரணம் மட்டும் உறுதியானது: காலி இடம் இல்லாதபோது ஒரு மூட்டையை எடுக்க ஒன்பது மூட்டைகளை நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை கைபடும்போதும் கூலி, சேதம், எண்ணிக்கைத் தவறு மூன்றும் சேர்கின்றன. வேகமாகப் போகும் சரக்கை வாசலுக்கு அருகில் வைப்பது, நடைபாதையில் எதையும் அடுக்காமல் இருப்பது, ஒரே வரிசையில் இரண்டு வாடிக்கையாளர்களின் சரக்கைக் கலக்காமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் காசு தேவையில்லை. பேலட் என்ற அடுக்குப் பலகையும் அதைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டும் வாங்கினால் ஏற்றும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வரும். ஆனால் இறக்கும் இடத்திலும் ஃபோர்க்லிஃப்ட் இருக்க வேண்டும், பேலட் திரும்பி வர வேண்டும். இரண்டும் இல்லாத வழித்தடத்தில் அந்த முதலீடு பலன் தராது.

வாடகையை எப்படி வாங்குகிறீர்கள் என்பதும் குடோனின் சுபாவத்தை மாற்றிவிடும். சதுர அடிக்கு மாத வாடகை மட்டும் வாங்கினால், சரக்கு அசைந்தாலும் அசையாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். வேகமாக வேலை செய்ய யாருக்கும் அவசியம் இருக்காது. உள்ளே வரும் மூட்டைக்கும் வெளியே போகும் மூட்டைக்கும் தனிக்கட்டணம் இருந்தால், சரக்கு சுழலச் சுழல உங்களுக்கு வருமானம். லாரியும் குடோனும் ஒரே கையில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது முறைதான் பொருத்தம் என்பது என் முடிவு. சுழலும் சரக்கு உங்கள் லாரிக்கு லோடாக மாறுகிறது. தூங்கும் சரக்கு மாறுவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: ரிட்டர்ன் லோடில் வரும் பொருளை உங்கள் குடோனிலேயே இறக்கிச் சில்லறையாக விநியோகிக்கும் வேலையை எடுத்துக்கொண்டால், வந்த வண்டி வேறு வாசலில் இறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாதக் கடைசியில் மிஞ்சுவது குறைந்துவிட்டது என்றீர்களே, அதற்கு வட்டி காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். டீசல், சுங்கம், படி, ஏற்றுக்கூலி எல்லாம் ரொக்கம். வாடகையோ பில் போட்டு அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு நாட்கள் கழித்து வருகிறது. மாதம் 30 லட்சம் ரூபாய் வாடகை போடும் நிறுவனத்துக்கு 75 நாள் கடன் என்றால், எந்நேரமும் 75 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். சரக்கை இரட்டிப்பாக்கினால் வெளியில் நிற்பதும் ஒன்றரைக் கோடியாகும். அதற்கான வட்டியை வாடகையில் சேர்க்காமல் வளர்ந்தால், வளர்ச்சியே நஷ்டத்தைக் கொண்டுவரும். சரக்கு இருந்தும் ஏற்ற முடியாமல் போன நிறுவனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு வண்டிப் பஞ்சம் இல்லை, ரொக்கப் பஞ்சம்தான். இறக்கியதற்கான கையெழுத்துக் காகிதம் வராமல் பில் போட முடியாது என்ற வழக்கம் இருக்கும்வரை, அந்தக் காகிதம் கைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உங்கள் பணம். டிரைவர் திரும்பி வரும்வரை காத்திருக்காமல், இறக்கிய அன்றே படம் எடுத்து அனுப்பி பில் போட வாடிக்கையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். பலர் சம்மதிக்கிறார்கள்.

அரசு விதிகளால் வரும் மாற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். நடந்தவை என்னவென்று உறுதியாகச் சொல்லலாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. கேரள எல்லையில் உள்ள வாளையாறில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம் கட்ட வேண்டும் என்பதால், வரிக்காகவே நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு தூரத்தையும் செலவையும் பார்த்துக் குடோன் இடம் தேர்ந்தெடுக்க முடிந்தது. சிறு குடோன்கள் பல மூடப்பட்டு, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கங்களில் பெரியவை எழுந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே இ-வே பில் கட்டாயமானது. அதன் செல்லுபடி முதலில் நாளுக்கு 100 கிலோமீட்டர் என்ற கணக்கில் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டர் ஆனது. அதாவது வாசலில் நிற்கும் நேரத்துக்கு இப்போது சட்டத்தின் கடிகாரமும் ஓடுகிறது. வண்டி எண்ணைப் பதிந்துவிட்டு ஒரு நாள் தாமதமாகப் புறப்பட்டால், கடைசியில் அந்த ஒரு நாள் குறையும். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது.

இவற்றில் எதனால் எத்தனை மணி நேரம் மிச்சமானது என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்குவழிச் சாலைகள், சாவடி நீக்கம், ஃபாஸ்டேக், அதிகக் குதிரைத்திறன் கொண்ட வண்டிகள் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. தனியாக ஒன்றுக்கு மட்டும் பெருமை தரும் சதவீதக் கணக்குகளைப் பார்த்தால் தள்ளிவைத்துப் படியுங்கள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்ந்தது இன்னும் நல்ல உதாரணம். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன், இரட்டை அச்சுக்கு 19-லிருந்து 21 டன், பத்துச் சக்கர டாரஸ் வண்டியின் மொத்த எடை 25-லிருந்து 28.5 டன். சரக்கு எடையை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நாட்டில் சரக்கு அப்படியே இருக்க, அதை ஏற்றும் திறன் மட்டும் கூடியது. அடுத்த ஆண்டில் வாடகை தளர்ந்தது, புது லாரி விற்பனை சரிந்தது. ஆனால் அதே சமயத்தில்தான் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் கடன் தவறலுக்குப் பிறகு நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின, பொருளாதாரமும் மெதுவானது. எடை வரம்பு ஒரு காரணம் என்பது உறுதி. எத்தனை பங்கு காரணம் என்பதில் வல்லுநர்களே ஒன்றுபடவில்லை. உங்களுக்கு அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு டன்னுக்கான செலவைக் குறைக்கும் எந்த மாற்றமும் எல்லா லாரிகளுக்கும் ஒரே நாளில் வந்தால், அதன் பலன் கொஞ்ச நாளில் சரக்குக்காரரிடம் போய்ச்சேரும். உங்கள் வாசலில் மட்டும் நடக்கும் மாற்றத்தின் பலன்தான் உங்களிடம் தங்கும்.

நாட்டு வருமானத்தில் 13 முதல் 14 சதவீதம் சரக்குப் போக்குவரத்துக்கும் கிடங்குக்குமே போகிறது என்று மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். அது நீண்டகாலம் முறையான அடிப்படையில்லாமல் புழங்கிய எண். மத்திய அரசுக்காக என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் செய்து 2023 டிசம்பரில் வெளிவந்த மதிப்பீடு, 2021-22-ஆம் ஆண்டுக்கு 7.8 முதல் 8.9 சதவீதம் என்றது. ஒரு நிறுவனத்தை நடத்த இந்த எண் எதுவும் உதவாது. வங்கியிலோ முதலீட்டாளரிடமோ பேசும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் இருக்க மட்டும் பயன்படும்.

டிரைவர் சம்பளத்தைக் கூட்டலாமா என்ற கேள்விக்கு ஆம் என்பதே என் பதில். மைலேஜ் நன்றாக எடுத்துத் தருபவரும், கியரையும் பிரேக்கையும் முரட்டுத்தனமாகக் கையாள்பவரும் ஒரே வண்டியில் காட்டும் டீசல் வித்தியாசம் பெரிது. நீண்டதூர லாரியின் ஓட்டச் செலவில் பாதியை ஒட்டி டீசல்தான். ஆனால் சம்பளத்தைக் கூட்டிவிட்டு நடைக் கணக்கில் விரட்டினால் பயனில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025-இல் நீக்கப்படும்வரை, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. அப்படியொரு வரம்பு எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதை நெடுஞ்சாலை தாபா ஒன்றில் அதிகாலையில் நின்று பார்த்தால் தெரியும். டிரைவர்கள் நம்மை விட்டுப் போவதற்குச் சம்பளத்தைவிட, வாசலில் நாள் கணக்கில் நிற்க வைத்து நடைக்கு மட்டும் காசு கொடுப்பதே பெரிய காரணம். நின்ற நாளுக்கும் படி கொடுங்கள். அந்தச் செலவு உங்கள் கணக்கில் ஏறும்போதுதான், நிற்கும் நேரத்தைக் குறைக்க அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அக்கறை வரும்.

மென்பொருள் பற்றி. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். ஏற்கெனவே பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. எங்கே, ஏன் நிற்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கைபேசிச் செயலிகளில் ரிட்டர்ன் லோடு தேடலாம். அறிமுகமில்லாத ஊரில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அது உதவும். ஆனால் அங்கே எல்லா லாரிகளும் ஒரே லோடைப் பார்ப்பதால் வாடகை அடிமட்டத்துக்கு இறங்கும், பேலன்ஸ் பணம் வருமா என்ற பயமும் சேரும். உங்கள் வழித்தடத்தின் மறுமுனையில் நம்பகமான ஒரு புக்கிங் ஏஜெண்டும், வாரம் தவறாமல் இந்தப் பக்கம் சரக்கு அனுப்பும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களும் இருந்தால், செயலியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பஞ்சு வரும் காலத்திலாவது ஆலைகளிடம் இரு வழி ஒப்பந்தம் பேசிப் பாருங்கள்: போகும்போது நூல், வரும்போது பஞ்சு. இரண்டு வழியிலும் வாடகை கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் உங்களுக்குக் கட்டுப்படியாகும். குடோன் கணக்குக்கு மென்பொருள் வாங்குவதாக இருந்தால், நான் சொன்ன ஆறு நேரங்களை நோட்டில் ஒரு பருவம் முழுவதும் எழுதிப் பழகிய பிறகு வாங்குங்கள். ஏழாவது லாரியைப் பற்றிய பேச்சையும் அதுவரை தள்ளிவையுங்கள். அந்த நோட்டை வைத்து ஆறு வண்டிகளில் ஒன்றை விற்றுத் தவணையை அடைப்பதே நல்லது என்று தெரிந்தால், தயங்காமல் விற்றுவிடுங்கள்.